கடைக்கு அனுப்பாத பிள்ளைகள்

"உங்கட பிள்ளையளுக்குக் கணிதம் எதுக்கு ரீச்சர்? பாட்டுப் படிக்கட்டும், படம் கீறட்டும், சந்தோசமா இருக்கட்டும்."

ஆசிரியர் அறையில் இதை என்னிடம் சொல்லாதவர்கள் குறைவு. சொல்பவர்கள் கெட்ட மனிதர்களும் அல்ல. விளையாட்டுப் போட்டி நடக்கும்போது எங்கள் பிள்ளைகளுக்கு முதலில் குளிர்பானம் கொண்டுவந்து கொடுப்பவர்கள் அவர்கள்தான். ஆனாலும் இந்தச் சந்தோசக் கதை எனக்கு எரிச்சலைத்தான் தரும். கையில் இருக்கும் தாள் எத்தனை ரூபா என்று தெரியாத ஒருவர், வளர்ந்த பிறகு யார் தயவில் சந்தோசமாக இருப்பார்?

நான் படிப்பிப்பது பரந்தன்–முல்லைத்தீவு வீதியை ஒட்டிய ஒரு பாடசாலையின் விசேட கல்வி அலகில். அலகு என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். ஒரு வகுப்பறை, இரண்டு அலுமாரி, சுருட்டி வைத்த பாய்கள். டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளை, பெருமூளை வாதத்தால் ஒரு கை இறுகிப்போன பிள்ளை, காது கேளாத பிள்ளை, ஓட்டிசம் உள்ள பிள்ளை, என்ன காரணமென்று எந்த வைத்தியத் துண்டிலும் எழுதப்படாத 'படிப்பு ஏறாத' பிள்ளை என்று எல்லாரும் அதற்குள்தான். ஆறு வயதுக்காரியும் பதினைந்து வயதுக்காரனும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பார்கள்.

இவர்களுக்கு ஏன் கணக்கு வரவில்லை என்று கேட்டால் எல்லாரும் தலையைத்தான் தொட்டுக் காட்டுவார்கள். அங்கேயும் காரணம் உண்டு, இல்லையென்று சொல்ல வரவில்லை. ஆனால் நான் கண்ட அளவில் பாதிக் காரணம் வீட்டு வாசலில் இருக்கிறது. இந்தப் பிள்ளைகளை யாரும் கடைக்கு அனுப்புவதில்லை.

மற்றப் பிள்ளைகளை யோசித்துப் பாருங்கள். தரம் ஒன்றுக்கு வருமுன்னே சந்திக் கடைக்குப் போய்ச் சீனியும் தேயிலையும் வாங்கியிருப்பார்கள். பொழுதுபடக் கோழிகளைக் கூட்டில் அடைக்கும்போது ஒன்று குறைகிறதென்று கத்தியிருப்பார்கள். பாலைப்பழ காலத்தில் காட்டுக்குப் போய்வந்த மாமா கொடுத்த பழத்தை அண்ணன் தம்பியோடு சண்டை பிடித்துப் பங்கு போட்டிருப்பார்கள். உலையில் அரிசி போடும்போது அம்மா, "மூண்டு சுண்டு போட்டிட்டனோ, நாலோ?" என்று அவர்களைத்தான் கேட்டிருப்பார். புத்தகத்தைத் திறக்குமுன்னே இத்தனை கணக்குச் செய்து முடித்த பிள்ளைக்கு, கரும்பலகையில் இருக்கும் 3 என்ற உரு ஏற்கனவே தெரிந்த ஒன்றுக்குப் புதுப்பெயர். அவ்வளவுதான்.

எங்கள் பிள்ளை அந்த நேரமெல்லாம் விறாந்தையில் இருந்திருக்கும். "பாவம், அதைப் போட்டு வருத்தாதேங்கோ" என்று அம்மம்மா சொல்லியிருப்பார். கடைக்குத் தங்கச்சி போவாள். கோழியை அண்ணன் அடைப்பான். பழத்தில் பெரிய பங்கைக் கேட்காமலே இவன் கையில் வைத்துவிடுவார்கள். இப்படிப் பத்து வருடம் வளர்ந்த பிள்ளையிடம் நாங்கள் கொப்பியைக் கொடுத்து 1 முதல் 10 வரை எழுது என்கிறோம். எழுதத்தான் செய்வார்கள். அழகாகக்கூட எழுதுவார்கள். எழுதிய ஏழு எதன் ஏழு என்று கேளுங்கள், அங்கே இருக்கிறது பிரச்சினை.

புளியங்கொட்டை ஏழை வரிசையாக வைத்து எண்ணச் சொல்வேன். ஒவ்வொன்றாகத் தொட்டு, "ஒண்டு, ரெண்டு, மூண்டு" என்று ஏழு வரை பிழையில்லாமல் வரும். "சரி, எத்தனை கொட்டை இருக்கு?" என்று கேட்டால் திரும்பவும் முதலிலிருந்து எண்ணத் தொடங்கும். இன்னொருமுறை கேட்டால் இன்னொருமுறை எண்ணும். கடைசியாகச் சொன்ன எண்தான் முழுக்கூட்டத்தின் அளவு என்ற விசயம் இன்னும் பிடிபடவில்லை. எண்ணுதல் என்று நாம் சாதாரணமாகச் சொல்வதற்குள் ஐந்து தத்துவங்கள் ஒளிந்திருக்கின்றன என்று 1978இல் ரோச்செல் கெல்மன், காலிஸ்டல் என்ற இரண்டு உளவியலாளர்கள் பிரித்துக் காட்டினார்கள். ஒரு பொருளுக்கு ஒரு எண், எண்களின் ஒழுங்கு மாறாது, கடைசி எண்ணே தொகை, எந்தப் பொருளையும் எண்ணலாம், எந்தப் பக்கத்திலிருந்தும் தொடங்கலாம். மற்றப் பிள்ளைகள் இந்த ஐந்தையும் யாரும் சொல்லிக் கொடுக்காமலே முற்றத்தில் பழகிவிடுகிறார்கள். எங்களுக்கு ஒவ்வொன்றும் ஒரு தவணைப் பாடம்.

முதலாவது தத்துவத்துக்கு நான் வகுப்பறையைப் பயன்படுத்துவதில்லை, சாப்பாட்டு நேரத்தைப் பயன்படுத்துகிறேன். பாடசாலைச் சத்துணவு வந்ததும் தட்டுப் பரிமாறும் வேலை ஒரு பிள்ளைக்கு. ஒருவருக்கு ஒரு தட்டு. யாருக்காவது கிடைக்கவில்லையென்றால் அந்தப் பிள்ளை சும்மா இருக்காது, சத்தம் போடும். பயிற்சிக் கொப்பியில் நான் கீறும் சிவப்புக் கோட்டைவிட அந்தச் சத்தத்துக்கு வலு அதிகம்.

அப்புறம் முட்டை மட்டை. முப்பது முட்டை அடுக்கும் கடதாசி மட்டை இருக்கிறதல்லவா, அது ஒரு பக்கம் ஐந்தும் மறுபக்கம் ஆறுமாகக் குழிகள் உள்ளது. அதை இரண்டிரண்டு வரிசையாகக் கத்தரித்தால் மூன்று துண்டு வரும். ஒவ்வொரு துண்டிலும் மேலே ஐந்து, கீழே ஐந்து, மொத்தம் பத்துக் குழி. வெளிநாட்டில் பிளாஸ்ரிக்கில் செய்து விற்கும் பத்துச் சட்டத்துக்கு இது எந்த விதத்திலும் குறைந்ததில்லை, பேக்கரியில் கேட்டால் சும்மா தருவார்கள். மேல்வரிசை நிறைந்து கீழே இரண்டு இருந்தால் ஏழு. எண்ணத் தேவையில்லை, பார்த்தாலே போதும். இன்னும் எத்தனை வைத்தால் பத்தாகும் என்பதையும் காலிக் குழிகளே சொல்லிவிடும். டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகளுக்குக் காதால் கேட்டதைச் சிறிது நேரம் நினைவில் பிடித்து வைப்பது கடினம், கண்ணால் கண்டது அதைவிட நன்றாக நிற்கும். "ஐந்தும் இரண்டும் ஏழு" என்று நூறுதரம் ஒப்புவித்தும் நிற்காதது, மட்டையில் ஒரு கிழமை கொட்டை வைத்து எடுத்ததில் நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

குழிக்குள் எதை வைப்பது என்பதிலும் யோசனை வேண்டும். கை இறுகிய பிள்ளைக்குப் புளியங்கொட்டை வழுக்கும், சோடா மூடி கொடுக்க வேண்டும். கண்பார்வை குறைந்த பிள்ளைக்குக் கறுத்தக் கொட்டையை வெள்ளைத் துணியில் வைக்க வேண்டும். எதையும் வாயில் போடும் பிள்ளை இருந்தால் சிறிய விதை ஒன்றும் கூடாது. குண்டுமணியை வகுப்புக்குள்ளேயே விடுவதில்லை. பார்க்க மஞ்சாடி மாதிரி அழகாக இருக்கும், ஆனால் உடைந்தோ மென்றோ உள்ளே போனால் உயிருக்கே ஆபத்தான நஞ்சு அது. பழைய பயிற்சிக் கையேடுகளைப் பார்த்து 'உள்ளூர் விதைகள்' என்று பொறுக்கிக்கொண்டு வரும் புது ஆசிரியர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

பெண்பிள்ளைகள் இடைவேளையில் மரத்தடியில் கொக்கான் வெட்டுவதைக் கணித ஆசிரியர் ஒருவரும் நின்று பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை. ஐந்து கல். ஒன்றை மேலே எறிந்துவிட்டு, கீழே இருக்கும் நாலையும் முதலில் ஒவ்வொன்றாக அள்ள வேண்டும். அடுத்த ஆட்டத்தில் இரண்டிரண்டாக. பிறகு மூன்றும் ஒன்றுமாக. கடைசியில் நாலையும் ஒரே வாரில். நாலை எத்தனை விதமாகப் பிரிக்கலாம் என்ற பாடம் முழுவதும் மண்ணில் கிடக்கிறது. எங்கள் அலகில் ஒருத்திக்கு வலது கை சரியாக எழும்பாது, எறிந்த கல்லைப் பிடிக்க ஏலாது. எறியாமல் விளையாடலாம் என்று சட்டத்தை மாற்றினோம். அவள் கல்லை அள்ளும்போது வாய் விட்டுச் சொல்ல வேண்டும், "மூண்டும் ஒண்டும்" என்று. மரத்தடிப் பிள்ளைகள் முதலில் இதைக் கள்ள ஆட்டம் என்றார்கள். இப்போது அவர்களில் இரண்டு பேர் எங்கள் வகுப்புக்கு வந்து அவளோடு விளையாடுகிறார்கள், தோற்றும் போகிறார்கள்.

விரலால் எண்ணாதே என்று பிள்ளையின் கையைத் தட்டிவிடும் பழக்கம் எங்கள் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. எனக்கு அது விளங்குவதே இல்லை. அம்மம்மாமார் விரல் கணுக்களைத் தொட்டுத் தொட்டு விரதநாள் கணக்குப் பார்க்கவில்லையா?

எண்களைச் சொல்லிக்கொண்டு போகும்போது வரும் பிழைகளைக் கவனித்துக் கேட்டால் பிள்ளையை விளங்கும். "இருபத்தெட்டு, இருபத்தொன்பது, இருபத்துப்பத்து" என்றான் ஒருவன். பக்கத்து வகுப்பு ஆசிரியர் சிரித்துவிட்டார். எனக்கென்றால் அவனைத் தூக்கிச் சுற்ற வேண்டும்போல இருந்தது. மனப்பாடம் செய்தவனுக்கு அந்தப் பிழை வராது. எண்கள் எப்படிக் கட்டப்படுகின்றன என்ற ஒழுங்கைத் தானாகக் கண்டுபிடித்தவனுக்குத்தான் வரும். பத்துக் குழி மட்டைத் துண்டு மூன்றை நிரப்பிக் காட்டியதும் முப்பது வந்துவிட்டது. தொண்ணூறுதான் இன்னும் வழிக்கு வரவில்லை. நூறு என்ற சத்தம் காதில் விழுந்ததும் அவன் கை ஒன்றும் இரண்டு சைபரும் எழுதிவிடுகிறது.

ஓட்டிசம் பற்றி ஒரு வார்த்தை. "இந்தப் பிள்ளையள் கணக்கில புலியாமே ரீச்சர், படத்தில காட்டினவங்கள்" என்று பெற்றோர் ஆசையோடு கேட்பதுண்டு. அப்படிச் சிலர் உலகத்தில் இருக்கிறார்கள். பெரும்பாலானவர்கள் அப்படி இல்லை. என்னிடம் இருப்பவன் பேருந்து இலக்கத் தகடுகளை ஒப்புவிப்பான், ஐந்து ரூபாவுக்கும் பத்து ரூபாவுக்கும் எது பெரிது என்று கேட்டால் குற்றியின் உருவத்தைப் பார்ப்பான். இலக்கத்தில் விருப்பம் இருப்பது நல்ல பிடிமானம். அதை வைத்துக்கொண்டு மேலே ஏற வேண்டிய வேலை அப்படியே கிடக்கிறது.

காது கேளாத பிள்ளைக்குக் கூட்டலும் கழித்தலும் பிரச்சினையே இல்லை, வசனக் கணக்குத்தான் சுவர். 'அண்ணனிடம் தம்பியைவிட நான்கு மாம்பழம் கூட' என்ற வசனத்தில் 'கூட' என்பதைக் கண்டதும் கூட்டிவிடுகிறாள். அதே கணக்கை மாம்பழத்தோடு இரண்டு பிள்ளைகளை நிறுத்தி நடித்துக் காட்டினால் சரியான விடை வரும். அவளுக்கு வராதது தமிழ், கணிதம் இல்லை. அதற்கு மாற்றாக என்னிடம் முழுமையான சைகைமொழியும் கிடையாது. நானும் அவளும் சேர்ந்து உண்டாக்கிய கைச்சைகைகளோடுதான் ஓடுகிறது.

இங்கே இன்னொரு கதையும் சொல்ல வேண்டும். 2008, 2009இல் போரால் வன்னி முழுவதும் இடம்பெயர்ந்தது. அந்தச் சனத்தை வைத்திருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாம் முழுதாக மூடப்பட்டது 2012 செப்ரெம்பரில். மீள்குடியேறி வந்த பிள்ளைகளில் பலருக்கு இரண்டு மூன்று வருடப் படிப்பு துண்டு துண்டாகப் போயிருந்தது. பதினொரு வயதில் கடன்வாங்கிக் கழித்தல் தெரியாத பிள்ளைகளை, 'மெல்லக் கற்பவர்' என்று எழுதி எங்களிடம் அனுப்பிய காலம் அது. 2020இல் கொரோனாவுக்குப் பாடசாலைகளைப் பூட்டியபோதும் அதேதான், வீட்டில் ஒரு கைத்தொலைபேசி, அதற்கும் சிக்னல் தேடி வயல் வரம்புக்குப் போக வேண்டும். கணக்குக் கற்பதில் மட்டும் வரும் குறைபாடு என்று ஒன்று உண்மையாகவே உண்டு, 1974இலேயே செக்கோசிலோவாக்கிய உளவியலாளர் லாடிஸ்லாவ் கோஷ்ச் அதற்கு வரைவிலக்கணம் எழுதிவிட்டார். ஆனால் படிப்பிக்கப்படாத பிள்ளையையும் படிக்க முடியாத பிள்ளையையும் ஒரு பரீட்சைத் தாளால் பிரித்தறிய ஏலாது. ஒரு தவணை நன்றாகப் படிப்பித்துப் பாருங்கள். விடுபட்ட பாடத்தால் பின்தங்கிய பிள்ளை ஓடி வந்துவிடும். மூன்று சோடா மூடியைக்கூட ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினால்தான் மூன்று என்று தெரியும் பிள்ளை வேறு, அதற்கு வேறு பாதை வேண்டும்.

சரி, கடைக்கு வருகிறேன்.

பதின்மூன்று வயதுப் பொடியன். வகுப்பறைக்குள் மாதிரிக் கடை வைத்து மாதக்கணக்கில் பழக்கினோம். முதலில் தாள்களை நிறத்தால். 20 கருஞ்சிவப்பு, 50 நீலம், 100 செம்மஞ்சள், 500 ஊதா, 1000 பச்சை. 2011இல் வெளிவந்த வரிசையில் 20 ரூபாவிலிருந்து 5000 ரூபா வரை தாள்களின் அகலம் ஒன்றுதான், நீளம் மட்டும் ஒவ்வொரு படிக்கும் 5 மில்லிமீற்றர் கூடிக்கொண்டே போகும். கண்பார்வை குறைந்த பிள்ளைக்கு ஒன்றின்மேல் ஒன்றை வைத்து நுனியைத் தடவிப் பார்க்கப் பழக்கலாம். 2022இல் சாமான் விலை ஏறியபோது எங்கள் மாதிரிக் கடையில் விலைத் துண்டுகளை அழித்து அழித்துக் கடதாசியே ஓட்டையாகிவிட்டது. பயிற்சிக் கொப்பிகளில் இன்னும் பென்சில் 10 ரூபாவுக்கு விற்கிறது, அந்தக் கடை எங்கே இருக்கிறதோ தெரியாது.

பிறகு உண்மையான கடை. அம்மாவிடம் அனுமதி வாங்குவதே பெரும்பாடு. "ஏமாத்திப்போடுவாங்கள் ரீச்சர், பாவம் இவன்." பாடசாலைக்கு எதிர்ப்பக்கம்தான் கடை, நான் படலையில் நிற்பேன் என்று சொல்லிச் சம்மதிக்க வைத்தேன். 100 ரூபாத் தாள், 80 ரூபாப் பணிஸ், மிச்சம் ஒரு கருஞ்சிவப்புத் தாள். பொடியன் போனான். திரும்பி வந்தபோது ஒரு கையில் பணிஸ், மறுகையில் அதே செம்மஞ்சள் தாள்.

வீதியைக் கடந்து போய்க் கேட்டேன். கடைக்கார அண்ணை நெளிந்தார். "இதுக்குப் போய்க் காசு வாங்கிறதே ரீச்சர்? பாவம் பொடியன்."

"அண்ணை, காசை வாங்குங்கோ. நீங்கள் வாங்காட்டி இவன் படிக்கமாட்டான்."

அடுத்தநாள் வாங்கினார், ஆனால் பணிஸோடு ஒரு ரொபியும் சும்மா கொடுத்துவிட்டார். அதையும் நிற்பாட்டினோம். பழகி வந்த பிறகு, இடைக்கிடை வேண்டுமென்றே மிச்சத்தைப் பிழையாகக் கொடுக்கச் சொன்னேன். அந்த மனுசனுக்கு அது மட்டும் ஏலவில்லை. கன நாளாகச் சாட்டுச் சொல்லித் தள்ளிக்கொண்டே இருந்தார். ஒருநாள் 20 ரூபாவுக்குப் பதிலாக ஒரு பத்து ரூபாக் குற்றியை வைத்தார். பொடியன் போகவில்லை. உள்ளங்கையை மூடவும் இல்லை, கண்ணாடி அலுமாரிக்கு முன்னால் அப்படியே நீட்டிக்கொண்டு நின்றான். பின்னால் பாண் வாங்க வந்தவர் பொறுமையிழந்து, "தம்பி, தள்ளும்" என்றார். அதற்கும் அசையவில்லை.

"மற்றது?" என்றான் கடைக்காரரைப் பார்த்து.

இப்போது அவன் அம்மாவின் முறைப்பாடு வேறு. வீட்டில் யார் கடைக்குப் போய்வந்தாலும் மிச்சக்காசைத் தன்னிடம் காட்ட வேண்டுமாம். தங்கச்சி கரைச்சல் தாங்காமல் அழுகிறாளாம். அவனுக்கு இன்னும் பிடிபடாதது ரொபிதான். சில்லறை இல்லாவிட்டால் எங்கள் கடைகளில் மிச்சத்துக்கு ரொபி கொடுத்துவிடுவார்கள். 5 ரூபாவுக்கு எத்தனை ரொபி, அதைத் திருப்பிக் கொடுத்தால் ஏன் காசாக எடுக்கமாட்டார்கள் என்று கேட்கிறான். எனக்கும் விடை தெரியாது.

இலங்கையில் கட்டாயக் கல்வி வயது 1998இலிருந்து 5 முதல் 14 வரை, 2016இல் அதை 16 வரை உயர்த்தினார்கள். சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் கட்டாயப் பாடம். எங்கள் பிள்ளைகளில் ஒருசிலர் மேலதிக நேரத்தோடு அந்தப் பரீட்சைக்குப் போகலாம். பலர் போகப்போவதில்லை. அவர்களின் தேர்ச்சி அறிக்கையிலும் கணிதத்துக்கு நேரே ஒரு கட்டம் இருக்கிறது, அதற்குள் புள்ளி போட வேண்டும். 35க்குக் கீழே போட்டால் பக்கத்தில் டபிள்யூ, அதாவது சித்தியில்லை என்று விழும். நான் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு, கீழே குறிப்புப் பகுதியில் எழுதுகிறேன்: '100 ரூபாவுக்குள் மிச்சக்காசைச் சரிபார்ப்பார்', 'ஐந்தைந்தாக 50 வரை கோடு போட்டு எண்ணுவார்', 'அரிசியைச் சுண்டால் அளப்பார், அரைச் சுண்டில் உதவி தேவை'. ஒவ்வொரு தவணையும் இந்த வெறுமையான கட்டத்துக்காக எனக்கும் அலுவலகத்துக்கும் ஒரு சின்னக் கொழுவல் நடக்கும்.

இந்தக் குறிப்பை ஒரு தகப்பன் இருந்து கவனமாக வாசித்தார். நெல் ஏற்றி இறக்கும் வேலை செய்பவர். மகனுக்கு வயது பதினைந்து. "கோடு போட்டு எண்ணுவான் எண்டு எழுதியிருக்கிறியள். அப்ப மூடைக் கணக்குப் பிடிக்க விடலாமோ ரீச்சர்?" என்று கேட்டார். விட்டுப் பாருங்கோ என்றேன். காலபோக அறுவடை முடிந்து நெல் ஏற்றும் நாளில் அவனைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். ஒரு மூடை ஏறினால் ஒரு கோடு, ஐந்தாவதுக்குக் குறுக்குக் கோடு. மத்தியானம் வரைக்கும் உழவு இயந்திரக்காரரின் கணக்கும் இவன் கணக்கும் ஒன்று. சாப்பிட்டு வந்த பிறகு வேலையைக் கெதியாக முடிக்கவென்று இரண்டு பேர் இரண்டு பக்கத்தாலும் மூடை ஏற்றத் தொடங்கினார்களாம், அங்கேதான் குழம்பிவிட்டான். எந்தப் பக்கம் பார்ப்பதென்று தெரியாமல் கொப்பியைத் தகப்பன் கையில் கொடுத்துவிட்டான்.

யோசித்துப் பார்த்தால் எங்கள் வகுப்பில் எப்போதும் ஒருவர்தான் பொருளை வைப்போம், ஒருவர் எண்ணுவோம். வருகிற திங்கட்கிழமையிலிருந்து இரண்டு பிள்ளைகள் இரண்டு கதவாலும் சோக்குப் பெட்டிகளைக் கொண்டுவந்து அடுக்கப்போகிறார்கள். கொப்பியை நடுவில் கோடு கீறிப் பிரித்து, இடக்கதவுக்கு ஒரு பக்கம், வலக்கதவுக்கு ஒரு பக்கம். முதல் கிழமை மெதுவாக.